கேபின்: ஒரு சிற்றறையின் நெடும் பயணம்
கள்ளக்குறிச்சி நகரிலிருந்து கல்வராயன் மலை வரை



கள்ளக்குறிச்சி நகரில் காலை முதல் மாலை வரை சுற்றி வருகின்ற ஒருவர் 'கேபின்' என்ற சொல்லை எத்தனை முறை கேட்க நேரிடும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? மருத்துவமனையில், "டாக்டர் கேபினில் இருக்கிறார், டோக்கன் எண்ணைக் கூப்பிடும்போது வாருங்கள்" என்பார்கள். வங்கிக்குச் சென்றால் மேலாளரின் கேபினைக் கை நீட்டிக் காட்டுவார்கள். குடும்பத்தோடு பிரியாணிக் கடைக்குள் நுழைந்தால், "உள்ளே ஃபேமிலி கேபின் இருக்கிறது" என்று பரிமாறுபவர் வழிகாட்டுவார். சாலையோரத்தில் லாரியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும் இளைஞனிடம் ஓட்டுநர் எங்கே என்று கேட்டால், "கேபினில் தூங்குகிறார்" என்ற பதில் வரும்.

ஒரே சொல்தான். ஆனால் ஓரிடத்தில் அது அதிகாரம், ஓரிடத்தில் மறைப்பு, மற்றோரிடத்தில் உழைத்துக் களைத்தவனின் படுக்கை. இந்தச் சிறிய சொல்லைக் கையில் ஒரு விளக்கைப் போலப் பிடித்துக்கொண்டு, கள்ளக்குறிச்சி நகரிலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறிப் பார்ப்போமா? வழியில் கடலுக்கும் வானத்துக்கும் பாலைவனத்துக்கும் கூட அது நம்மை அழைத்துச் செல்லும்.

சொல் பிறந்த குடிசை

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடுவோம். பிற்கால இலத்தீன் மொழியில் 'கபான்னா' என்றொரு சொல் இருந்தது. குடிசை என்பது அதன் பொருள். அது பிரெஞ்சு மொழிக்குச் சென்று 'கபான்' ஆயிற்று. ஆங்கிலத்துக்குள் புகுந்து 'கேபின்' ஆயிற்று. ஆக, இன்று குளிரூட்டப்பட்ட கண்ணாடி அறைக்குள் சுழல் நாற்காலியில் அமர்ந்திருப்பவர், சொல்லின் கணக்குப்படி ஒரு குடிசைக்குள்தான் அமர்ந்திருக்கிறார்!

இந்தக் குடிசைச் சொல்லுக்கு ஒரு குட்டிச் சொல்லும் உண்டு. அதுதான் 'கேபினெட்'. மிகச் சிறிய அறை என்று பொருள். அரசர் தம் நெருங்கிய ஆலோசகர்களோடு தனித்துப் பேசும் சிற்றறையின் பெயர், நாளடைவில் அந்த ஆலோசகர்களுக்கே ஆகிவந்தது. அமைச்சரவையைக் கேபினெட் என்று கூறுவது இதனால்தான். நம் வீட்டில் துணிமணியும் பாத்திரமும் வைக்கின்ற மர அலமாரிக்கும் அதே பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. கள்ளக்குறிச்சிக்கு இதில் ஒரு தனிப் பெருமை உண்டு. இவ்வட்டாரத்துத் தச்சர்களின் உளிவேலைக்கு, 'கள்ளக்குறிச்சி மரச் சிற்பம்' என்ற பெயரில் 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

அந்த மூலப் பொருளை அப்படியே தாங்கி நிற்கும் தமிழ்ச் சொல்லும் இந்த வட்டாரத்திலேயே கிடைக்கிறது. ஊரை விட்டு விலகி, தன் நிலத்திலேயே கூரை வேய்ந்து குடியிருப்பவர்களின் இருப்பிடத்தை இங்கே 'காட்டுக்கொட்டாய்' என்பார்கள். கொட்டகை என்பதன் பேச்சு வடிவம் அது. கிணற்றையும் மாட்டையும் பயிரையும் காக்க எழுப்பிய சிறு கூரை; நாளடைவில் குடும்பமே அங்கே தங்கிவிட, அது ஒரு குடியிருப்பின் பெயராகவே நிலைத்துவிடுகிறது. இலத்தீன்காரர் சொன்ன கபான்னாவும் நம் உழவர் சொல்லும் கொட்டாயும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போன்றவை.

கதவுக்கு உள்ளும் வெளியும்

கள்ளக்குறிச்சி நீண்ட காலம் தென்னார்க்காடு மாவட்டத்திலும், 1993க்குப் பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. 2022 ஜனவரியில் இங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்து வைக்கப்பட்டது. மாவட்டம் பிறந்தால் அலுவலகங்கள் பிறக்கும். அலுவலகங்கள் பிறந்தால் கேபின்களும் பிறக்கத்தானே வேண்டும்?

அலுவலகத்துக் கேபினுக்கு நியாயமான காரணம் உண்டு என்பதை மறுக்க முடியாது. பணத்தை எண்ணுகிறவருக்குப் பாதுகாப்பு வேண்டும். நோயாளியின் அந்தரங்கத்தைக் கேட்கின்ற மருத்துவருக்குக் கதவு வேண்டும். ஒரு தாய் தன் மகளின் உடல்நிலையைப் பத்துப் பேர் நடுவே கூற முடியுமா? அந்த வகையில் கேபின் என்பது ஓர் அமானிதத்தைக் காக்கின்ற இடம்.

ஆயினும் கதவு இருக்கின்ற இடத்தில் வெளியே காத்திருப்பவரும் இருப்பார். மலையூரிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு, பேருந்து பிடித்து, சாதிச் சான்றிதழுக்கோ பட்டாவுக்கோ மருத்துவத்துக்கோ வருகின்ற ஒருவர், மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் அன்றிரவு ஊர் திரும்ப முடியாது. கேபினுக்கு உள்ளே கழியும் அரை மணி நேரமும் வெளியே கழியும் அரை மணி நேரமும் ஒரே நீளமுடையவை அல்ல என்பதை, நம்மில் அத்தகைய நாற்காலிகளில் அமர்ந்திருப்போர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உணவகத்தின் ஃபேமிலி கேபின் வேறு வகை. ஒரு திரைச்சீலையும் இரண்டு பலகைத் தடுப்புகளுமே அதன் கட்டடம். பர்தாவைச் சற்றே விலக்கி நிம்மதியாக ஒரு கவளம் உண்ணவும், கைக்குழந்தைக்குப் பாலூட்டவும் நம் தாய்மார்களுக்கு அந்த நான்கடி மறைப்பு எவ்வளவு ஆறுதல்! பயணத்தில் இதன் அருமை தெரிந்தவர்கள் பெண்கள்தாம்.

இன்று இல்லாமற் போன ஒரு கேபினையும் நினைவுகூர வேண்டும். 1990களில் ஊருக்கு ஊர் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. நிலையங்கள் இருந்தன. ஓர் ஆள் மட்டுமே நிற்கக்கூடிய கண்ணாடிக் கூண்டு. தலைக்கு மேலே சிவப்பு எண்களில் ஓடுகின்ற கட்டணம். சவூதியிலோ துபாயிலோ மலேசியாவிலோ இருக்கின்ற கணவரிடம் பேசச் சென்ற மனைவி, அந்தச் சிவப்பு எண்களைப் பார்த்துப் பார்த்தே பாதிச் செய்தியை விழுங்கிக்கொண்டு வெளியே வந்த காலம் அது. கைப்பேசி வந்தது, கூண்டுகள் மறைந்தன. ஆனால் அந்தக் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து அழுதவர்கள் இன்னும் நம் வீடுகளில் பாட்டிமார்களாக இருக்கின்றார்கள்.

சக்கரத்தின் மேல் ஒரு வீடு

நகரை விட்டு மேற்கே கச்சிராயபாளையம் நோக்கிச் செல்வோம். கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் ஒன்று மூங்கில்துறைப்பட்டிலும் மற்றொன்று இந்தக் கச்சிராயபாளையத்திலும் உள்ளன. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் சாலையில் வரிசை கட்டும். முறை வரும் வரை ஓட்டுநர் எங்கே இருப்பார்? கேபினில்தான்.

லாரியின் கேபினைப் பற்றி நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று. பல ஆண்டுக் காலம் நம் நாட்டில் லாரி, தொழிற்சாலையிலிருந்து எஞ்சினும் சட்டமும் சக்கரமும் மட்டும் கொண்ட எலும்புக்கூடாகவே வெளிவந்தது. அதற்குக் கேபின் கட்டுவது நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் பட்டறைகளில் நடந்தது. தச்சரும் தகடு வேலைக்காரரும் வண்ணம் தீட்டுபவரும் சேர்ந்து அதற்கொரு முகத்தைக் கொடுத்தார்கள். நெற்றியில் பிள்ளைகளின் பெயர்கள். பக்கத்தில் பிறையும் சிலுவையும் ஓங்காரமும் ஒன்றாக நிற்கின்ற ஓவியம். சிலவற்றில் 786 என்ற எண். இருக்கைக்குப் பின்னால் ஒருவர் முடங்கிப் படுக்க ஒரு பலகை. அதுதான் ஓட்டுநரின் படுக்கையறை. ஒரு சிறு அடுப்பும் தண்ணீர்க் குடமும் சேர்ந்துவிட்டால் அதுவே அடுக்களை.

முன்னே எஞ்சினின் சூடு, மேலே தகட்டின் சூடு, கீழே தாரின் சூடு. இந்த மூன்று சூட்டுக்கும் நடுவே பத்து நாள், பதினைந்து நாள் என்று வாழ்ந்துவிட்டு வீடு வருகின்ற அத்தா, பிள்ளைகள் சத்தம் போட்டால் எரிந்து விழுகிறார் என்றால், அவருடைய குணம் மட்டுமா அதற்குக் காரணம்? இதனை இந்திய அரசும் காலந்தாழ்ந்தேனும் உணர்ந்தது. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் கேபினில் குளிரூட்டும் வசதி கட்டாயம் என்று 2023 டிசம்பரில் அறிவிக்கை வெளியிட்டது. அதற்கு முன் தயாரான லாரிகளை ஓட்டுபவர்களுக்கு இந்தக் கட்டாயத்தால் எந்தக் குளிர்ச்சியும் இல்லை. அவர்களுக்குச் சாலையோரப் புளியமர நிழலே இன்னும் துணை.

கள்ளக்குறிச்சி நகருக்கு அருகிலுள்ள சின்னசேலம், சேலம் - விருத்தாசலம் இருப்புப்பாதையில் அமைந்தது. 2007ஆம் ஆண்டு வாக்கில் அப்பாதை அகலப்பாதையாக மாறியது. இரயில்வேக்கும் ஒரு கேபின் உண்டு. 'கேபின்மேன்' என்ற பணிப்பெயரே உண்டு. பழைய நிலையங்களின் இரு முனைகளிலும் மாடி போன்ற ஒரு சிற்றறை நிற்கும். உள்ளே ஆளுயர இரும்புப் பிடிகள் வரிசையாக இருக்கும். ஒரு பிடியை இழுத்தால் தொலைவில் தண்டவாளம் பிரியும். மற்றொன்றை இழுத்தால் கைகாட்டி இறங்கும். பிரிவு சரியாகப் பூட்டிக்கொள்ளாதவரை கைகாட்டிப் பிடி அசையாதபடி, இரும்புகள் தமக்குள்ளேயே ஒன்றையொன்று தடுத்துக்கொள்ளும். மனிதன் மறந்தாலும் இரும்பு மறக்காத ஏற்பாடு அது. ஆயிரம் பயணிகள் இரவில் அயர்ந்து உறங்கியது, அந்தச் சிற்றறையில் ஒருவர் உறங்காதிருந்ததனால்தான்.

கடலில், வானில், பாலைவனத்தில்

நம் சமுதாயத்தின் பயண வரலாற்றில் கேபின் என்ற சொல் முதலில் கப்பலில்தான் ஏறியது எனலாம். கடலோடும் மரபில் வந்த நமக்குக் கப்பல் புதிதன்று. 'மாலுமி' என்ற சொல்லே 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பர். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற நீராவிக் கப்பல், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மக்களை ஏற்றிச் சென்றது. அதன் பின்னர் 'சிதம்பரம்' கப்பல் அந்தத் தடத்தில் ஓடியது. அக்கப்பல்களில் கேபின் பயணி சிலர். 'டெக்' பயணி பலர். கேபின்காரருக்குக் கதவும் கட்டிலும் உண்டு. டெக்காருக்குப் பாயும் வானமும் உண்டு. நம் முன்னோரில் மிகப் பெரும்பாலோர் பாய் விரித்துப் படுத்துச் சென்ற சபராளிகளே. அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகளில் நாம் இன்று தனித்தனி அறைகளில் உறங்குகின்றோம்.

ஹஜ்ஜுக்கும் அவ்வாறே கப்பலில் சென்ற காலம் ஒன்று இருந்தது. மும்பையிலிருந்து ஜித்தாவுக்குச் சென்ற ஹஜ் கப்பல் பயணம் 1995ஆம் ஆண்டோடு நின்றுபோனது. இன்று எல்லோரும் விமானத்தில் செல்கின்றோம். அங்கேயும் கேபின்தான்! ஆனால் இங்கே பொருள் விரிந்துவிட்டது. பயணிகள் அனைவரும் அமர்ந்திருக்கும் முழு உட்பகுதியும் கேபின். கையோடு கொண்டு செல்லும் பை கேபின் பை. உபசரிப்போர் கேபின் பணியாளர்.

இந்த விமானக் கேபினுக்கும் நம் கல்வராயன் மலைக்கும் ஒரு வியப்பான தொடர்பு உண்டு. கேளுங்கள். விமானம் ஏறத்தாழ 35,000 அடி உயரத்தில் பறக்கிறது. அங்கே மனிதன் மூச்சுவிட இயலாது. ஆகவே உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். ஆனால் தரைமட்டத்து அழுத்தம் வரை நிரப்பினால் விமானத்தின் உடற்கூடு அதிகம் விம்மித் தேய்ந்துவிடும். எனவே 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள ஒரு மலையில் இருக்கக்கூடிய அழுத்தம் அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். கல்வராயன் மலையின் உயரமோ 2,000 முதல் 4,000 அடி வரைதான். ஆக, உம்ராவுக்குச் சென்று வந்த உங்கள் வீட்டு நன்னிமா, இருக்கையை விட்டு எழாமலே கல்வராயன் மலையைப் போல் இரு மடங்கு உயரத்துக் காற்றைச் சுவாசித்துத் திரும்பியிருக்கிறார்! மலைப்பாதையில் பேருந்து வளைந்து ஏறும்போது காது அடைப்பதும், விமானம் ஏறும்போது காது அடைப்பதும் ஒரே காரணத்தால்தான். எச்சிலை விழுங்கினால் இரண்டிலும் சரியாகிவிடும்.

வளைகுடாவில் இச்சொல் வேறொரு முகத்தோடு நிற்கிறது. கட்டுமானப் பணியிடங்களிலும் தொழிலாளர் முகாம்களிலும் 'போர்ட்டா கேபின்' என்ற தகர அறைகள் உண்டு. லாரியில் ஏற்றி வந்து இறக்கி வைக்கக்கூடிய அறை அது. இரண்டடுக்குக் கட்டில்கள், ஒரு குளிர்சாதனப் பெட்டி, சுவரில் பிள்ளைகளின் படம். நம் இளைஞர்களில் எத்தனை பேருடைய வாலிபம் அந்தத் தகரச் சுவர்களுக்குள் கழிந்திருக்கிறது! 2022ஆம் ஆண்டு கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது, வெளிநாட்டு ரசிகர்களுக்கென்று இத்தகைய கேபின்களாலேயே ஒரு தங்கும் கிராமம் அமைத்து வாடகைக்கு விட்டார்கள். சில நாள் தங்குபவருக்கு அது ஒரு புது அனுபவம். பல ஆண்டுகள் தங்குபவருக்கு அதுவே வாழ்க்கை.

மலையின் மேலே

கச்சிராயபாளையத்தை அடுத்து மலையடிவாரத்தில் கோமுகி அணை தண்ணீர் தேக்கி நிற்கிறது. அதைக் கடந்தால் சாலை வளைந்து வளைந்து மேலேறும். கரியாலூரில் சுற்றுலாப் பயணிகளுக்கான படகுத் துறை உள்ளது. அதற்கும் மேலே வெள்ளிமலை. அதுவே இம்மலைப் பகுதியின் தலைமையிடம். பெரியார் அருவி, மேகம் அருவி என்று நீர் விழும் இடங்கள் பல. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன், ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என்று இரண்டாகக் கூறுவர்.

இங்கே வாழ்கின்ற பழங்குடியினர் 'மலையாளி' எனப்படுவர். கேரளத்து மலையாளிகள் அல்லர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். தமிழே அவர்கள் மொழி. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுச் செய்தி. சாமையும் தினையும் மரவள்ளிக் கிழங்கும் விளைவிக்கின்றார்கள். கடுக்காயும் புளியும் தேனும் சேகரிக்கின்றார்கள்.

அவர்களுடைய பழைய வீட்டைச் சற்றுக் கவனியுங்கள். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னிச் சுவராக நிறுத்தி, செம்மண் பூசி, மேலே மலைப்புல் வேய்ந்த சிறு வீடு. பயிர் விளையும் காலத்தில் கொல்லையில் ஒரு பரண் எழும். நான்கு கால், ஒரு மேடை, ஒரு கூரை. பன்றிக்கும் பறவைக்கும் காவலிருக்கும் அந்தப் பரணைச் சங்க இலக்கியம் 'இதணம்' என்று அழைத்தது. கபான்னா என்ற சொல்லுக்கு உரிய உருவம் வேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

ஆனால் இந்தச் சிறு வீடுகளில் வாழ்ந்தோர் நெடுங்காலம் தம் விருப்பப்படி வாழ்ந்தவர்கள் அல்லர். இம்மலை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. 'ஜாகீர்' என்பது பாரசீகச் சொல்; இடத்தைப் பிடித்திருத்தல் என்று பொருள். நாடு 1947இல் விடுதலை பெற்ற பின்னரும் அந்தப் பிடி விலகவில்லை. மலைமக்கள் ஜாகீர்தார்களுக்கு வரி செலுத்தி, கூலியில்லா ஊழியமும் செய்து வந்தனர். 1976ஆம் ஆண்டில்தான் இம்மலை அரசின் நேரடி நிர்வாகத்தின் கீழ் வந்தது. விடுதலை என்னும் சொல் சமவெளியிலிருந்து இந்த நாற்பது கிலோமீட்டர் அளவு தூரத்தை ஏற இருபத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன! சாலை, பள்ளி, மருத்துவம் ஆகியவற்றில் இன்றும் குறை உண்டு என்பதனால்தான், 2024ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் இம்மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது.

கேபின் என்ற சொல் உலக வரலாற்றில் மறக்க முடியாத இடத்தைப் பெற்றதும் இத்தகைய ஊழியத்தின் வழியாகவே. 1852ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் என்ற அம்மையார் எழுதி நூலாக வெளியான 'அங்கிள் டாம்ஸ் கேபின்' என்ற நாவல், கறுப்பின அடிமைகளின் குடிசைக்குள் உலகத்தை அழைத்துச் சென்று காட்டியது. அடிமை முறைக்கு எதிரான உணர்வை அது பெரிதும் வளர்த்தது. அந்நாட்டில் அடிமை முறை ஒழிய வழிவகுத்த அதிபர் ஆபிரகாம் லிங்கன், 1809இல் கென்டக்கி மாநிலத்தில் ஒரு மரக் கேபினில் பிறந்தவரே.

இரு பெயர்கள், ஒரு கூரை

இப்போது ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் இன்னும் பல மலைகளிலும் மரத்தாலும் மூங்கிலாலும் சிற்றறைகள் கட்டி, 'வுட்டன் கேபின்' என்று விளம்பரம் செய்து, ஓர் இரவுக்கு ஆயிரக்கணக்கில் வாடகை வாங்குகிறார்கள். நகரத்துக் காங்கிரீட்டில் வெந்துபோனவர்கள், மண் வாசமும் புல் கூரையும் தேடிச் சென்று பணம் கொடுத்து உறங்குகிறார்கள். அதே மண்ணும் அதே புல்லும் கொண்ட மலைவாசியின் வீடோ, அரசின் கணக்கில் 'குடிசை'. 2030க்குள் குடிசையில்லாத் தமிழகம் காண எட்டு இலட்சம் காங்கிரீட் வீடுகள் கட்டித் தருவதென்று 2024இல் தமிழக அரசு 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தை அறிவித்தது.

இதில் எது சரி, எது தவறு என்று அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறலாகாது. மழையில் ஒழுகுகின்ற, தீயில் நொடியில் சாம்பலாகின்ற, பாம்புக்கு அஞ்சிக் குழந்தையை மடியிலேயே உறங்கவைக்கின்ற குடிசையைப் 'பாரம்பரியம்' என்று புகழ்வது, அதில் குடியிராதவர்களுக்கு எளிது. கெட்டியான கூரை கேட்கும் உரிமை மலைமக்களுக்கு உண்டு. கேபினில் ஓர் இரவு தங்குபவர் மறுநாள் காலையில் தம் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். குடிசைக்காரருக்குத் திரும்பிச் செல்ல வேறு வீடு இல்லை. சிறுமையும் எளிமையும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், விருப்பத்தோடு ஏற்றால் எளிமை. வேறு வழியின்றி ஏற்றால் வறுமை.

விருப்பத்தோடு ஏற்ற சிற்றறைக்கு நம் மரபில் ஒப்பற்ற சான்று உண்டு. மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியை ஒட்டி, பெருமானார் (ஸல்) அவர்களின் துணைவியர் வாழ்ந்த அறைகள் 'ஹுஜுராத்' எனப்பட்டன. ஹுஜ்ரா என்பதன் பன்மை அது. திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் அப்பெயராலேயே விளங்குகிறது. பச்சைச் செங்கல்லும் பேரீச்ச மட்டையும் கொண்டு எழுந்தவை அவ்வறைகள். தாம் வாலிபராக இருந்தபோது அவற்றின் முகட்டைக் கையால் தொட முடிந்தது என்று ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் கூறியதாக அறிவிப்பு உண்டு. பிற்காலத்தில் வலீத் பின் அப்துல் மலிக் ஆட்சியில் பள்ளிவாசலை விரிவாக்க அவ்வறைகள் இடிக்கப்பட்டபோது மதீனாவாசிகள் அழுதார்கள். அவற்றை அப்படியே விட்டிருந்தால், பின்னால் வருவோர் அண்ணலார் எத்துணை எளிமையில் நிறைவு கண்டார்கள் என்பதைக் கண்ணால் கண்டிருப்பார்களே என்று ஸயீத் பின் முஸய்யப் (ரஹ்) அவர்கள் வருந்தினார்கள்.

அறைகளுக்கு வெளியே நின்று கூவி அழைக்காமல், உள்ளிருப்பவர் வெளிவரும் வரை பொறுத்திருப்பதே நன்று என்ற ஒழுக்கத்தை அந்த அத்தியாயம் கற்பிக்கிறது. அனுமதியும் ஸலாமும் இன்றிப் பிறர் வீட்டுக்குள் நுழையக்கூடாது என்பதும் நமக்குக் கட்டளை. இந்த ஒழுக்கம் மாளிகைக்கு மட்டும் உரியதன்று. மூங்கில் தட்டிக் கதவுக்கும் உரியதே.

ஆகவே வாசகர்களே! குடும்பத்தோடு கல்வராயன் மலைக்குச் செல்லுங்கள். அருவியில் நீராடுங்கள், படகில் செல்லுங்கள். ஆனால் வழியோரத்து மண் வீட்டைப் பார்த்தவுடன் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடிக்கப் புகுந்துவிடாதீர்கள். அது காட்சிப் பொருளன்று, ஒருவருடைய ஹுஜ்ரா. வாசலில் நின்று குரல் கொடுங்கள். திண்ணையில் இருக்கும் முதியவரிடம் நலம் கேளுங்கள். அவர் விற்கும் தேனையோ கடுக்காயையோ, சாமை அரிசியையோ பேரம் பேசாமல் வாங்குங்கள். கொண்டு சென்ற பிளாஸ்டிக் பைகளையும் தட்டுகளையும் திரும்பக் கொண்டு வாருங்கள்.

நகரில் கேபினுக்குள் அமர்ந்து பணியாற்றும் சகோதரர்களே, சகோதரிகளே! உங்கள் கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சும் ஒரு குடம் தண்ணீரும் வைக்கச் செய்யுங்கள். மலையிலிருந்து வந்தவர் எவரேனும் காத்திருக்கிறாரா என்று மாலைப் பேருந்துக்கு முன்பாக ஒருமுறை எழுந்து வந்து பாருங்கள். வெள்ளிமலைக்கு அவர் இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.